வீட்டுத் துப்பாக்கி எங்கே போச்சு?

நம்ம நோணாங்குப்பத்தில் யார் வீட்டிலாவது துப்பாக்கி இருக்கா? சினிமாவில்தான் பார்த்திருப்போம். ஆனால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் வேல், வாள், வளரி, துப்பாக்கி எல்லாம் மக்கள் கையிலேயே இருந்தன. பாளையங்களில் ஊர்க்காவல் செய்தவர்களே போர் வந்தால் படைவீரர்கள்.

1799-ல் கட்டபொம்மனையும், 1801-ல் மருது சகோதரர்களையும் தூக்கில் போட்ட கம்பெனிக்காரர்கள் அதோடு விடவில்லை. கோட்டைகளை இடித்தார்கள். படைகளைக் கலைத்தார்கள். ஆயுதங்களையும் பறித்தார்கள்.

1857 புரட்சிக்குப் பிறகும் இதே கதைதான். 1878-ல், லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைக்க இந்தியருக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம்! குடகு மக்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஒரே மண்ணில் இரண்டு நியாயம்! அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் சேர்க்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதுச் சட்டம் வந்தது. நமக்கும் இன்று அதே சட்டம்தான். லைசென்ஸ் போகவில்லை, ஆனால் வெள்ளையர், இந்தியர் என்ற வேற்றுமை இதில் இல்லை. 2019 திருத்தப்படி, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது.

வீட்டில் துப்பாக்கி குறைவது நல்லதுதான். ஆனால் அன்று ஆயுதத்தைப் பறித்தது மக்களைப் பார்த்துப் பயந்து. இன்று கட்டுப்படுத்துவது மக்களைக் காப்பாற்ற. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூட போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? அன்றைக்கு ஓட்டுதான் பேசணும்!