‘ஏ’ காமெடிக்கு சிரிப்பு வருமா?

டி.வி-யில் வந்தால் ரிமோட்டைத் தேட வைக்கும் ரகம், ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’. சந்தோஷ் பி. ஜெயக்குமார் இயக்கிய இந்த ‘ஏ’ படம், 2018-ல் வசூலில் ஜெயித்தது. அந்த தைரியத்தில் 2020 தீபாவளிக்கு ‘இரண்டாம் குத்து’ வந்தது. இயக்குநரே ஹீரோ. டீசருக்கே பாரதிராஜா கண்டனம் தெரிவித்தார். ஆனால், படத்தின் பெரிய குறை ஆபாசம்கூட இல்லை, காமெடி இல்லாததுதான்.

கவுண்டமணி மட்டும் செந்திலை மரியாதையாகவா பேசினார்? இன்றைய கணக்கில் அத்தனையும் உருவக்கேலி. இருந்தும் ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சிக்கு தாத்தா முதல் பேரன் வரை சிரிக்கிறார்கள். அடி வாங்குகிற செந்தில்தான் அங்கே ஜெயிக்கிறார். ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, மிச்சம் ஒன்றை வைத்தே கவுண்டமணியைக் கதறவிடுகிறார். ‘குத்து’ வகைப் படங்களில் கேலிக்கு ஆளாகும் பெண்கள் அப்படித் திருப்பிக் கொடுக்கும் காட்சி அபூர்வம்.