வேனிலும் வீடும்

மழைக்கு ஒதுங்குவதற்கு மட்டுமன்றி, வெயிலுக்கு ஒதுங்குவதற்கும் மனிதன் வீடு கட்டினான். ஆயினும், இக்காலத்து வீடுகள் பலவற்றில் வாழ்வோர், கோடையில் வீட்டைவிட்டு மரநிழலைத் தேடிச் செல்கின்றனர். இதற்குக் காரணம் யாது? இதனை நீக்கும் வழி யாது? இவற்றை ஈண்டுக் காண்போம்.

வெப்பம் மூவகையாற் செல்லும். திண்பொருளின் வழியே செல்லுதல் கடத்தல். காற்றும் நீரும் பெயர்ந்து எடுத்துச் செல்லுதல் சலனம். இடைப்பொருள் இன்றியே பாய்தல் கதிர்வீசல். ஞாயிற்றின் வெப்பம் கதிர்வீசலால் மொட்டைமாடியை அடைகின்றது. கடத்தலால் தளத்தினூடே இறங்குகின்றது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைத் தளம் இரவெல்லாம் உமிழ்கின்றது. பகல் முழுதும் உழைத்துக் களைத்தவரும், முதியோரும், பச்சிளங் குழந்தைகளும் உறக்கமின்றி வருந்துதல் இதனாலேயாம்.

அசையாது நிற்கும் காற்றோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஓலைக் கீற்றுக்கும் வைக்கோலுக்கும் இடையே இத்தகைய காற்று அடைபட்டிருக்கின்றது. ஏழையின் கூரைக் குடிசை தகரக் கொட்டகையினும் தண்ணிதாய் இருத்தல் இதனாலன்றோ?

நம் முன்னோர் பருவமறிந்து இல்லம் அமைத்தனர். வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகைப் பள்ளியறைகளைச் சிலப்பதிகாரம் சுட்டுகின்றது. பிற்காலத்து வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் சுவரின்மேல் வெயில் படாது காத்தன. முற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கியது.

இன்றும் எளிய வழிகள் உள. மாடித் தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். தளத்தின்மேல் கீற்றுப் பந்தல் இடுதலும் நன்று. சன்னலுக்கு உள்ளே திரை இடுவதினும் வெளியே தட்டி கட்டுதல் சிறந்தது. கண்ணாடியைக் கடந்து புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. நண்பகலிற் சன்னல்களை அடைத்து, இரவிற் குளிர்காற்று வீசும்போது திறத்தல் வேண்டும்.

வீடு குளிர்ந்தால் மின்செலவும் குறையும். 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட் மின்சாரம் செலவாகும். ஏறத்தாழ அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு ஒன்றரை யூனிட்டும் வேண்டுவதில்லை. குளிரூட்டும் பொறி உடையோர் அதனை 24 பாகையில் வைத்து, மின்விசிறியையும் உடன் சுழலவிட்டால் போதுமானது.

இச்சிக்கனம் ஒரு வீட்டின் நலனோடு அமைவதன்று. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது, எஞ்சியது வீணாகின்றது. ஆதலின், வீட்டில் ஒரு யூனிட்டைச் சேமிப்பவர், நிலையத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தைச் சேமித்தவர் ஆவர். நிலக்கரியோ எடுக்க எடுக்கக் குறையும் செல்வம். அதன் புகையோ உலகின் வெம்மையை மேலும் மிகுவிப்பது.

மாணவர்களே! நும் வீட்டுக் கூரையை ஒருமுறை நோக்குங்கள். பகலில் அது எவ்வளவு வெயிலை ஏற்கின்றது, இரவில் யார் அதனால் துன்புறுகின்றனர் என்று எண்ணுங்கள். ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு நாள் உழைப்பும் இல்லத்தார்க்கு இனிய உறக்கத்தை அளிக்குமாயின், அதனினும் சிறந்த அறம் யாது?