பழைய ஃபிரிட்ஜை எடைக்குப் போடுறீங்களா? காப்பர் பைப்பை வெட்டும் அந்த நொடியில் என்ன நடக்கிறது?

ஆஃபரில் வாங்கிய புது ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் உழைத்த பழையது பால்கனி ஓரமாக நிற்கிறது. "அதான் ஓடலையே, எடைக்குப் போட்டுடலாம்" என்கிறார் அப்பா. காயலான் கடைக்காரர் வண்டியோடு வருகிறார். கொஞ்சம் பணம் கைமாறுகிறது. இடம் காலி, வேலை முடிந்தது.

உண்மையில் பிரச்னை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

காயலான் கடையில் மறுசுழற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரும்பு பாடி, காப்பர், அலுமினியம், பிளாஸ்டிக் என காசு பெறும் எதுவும் அங்கே வீணாவதில்லை. இதனால் சுற்றுச்சூழலுக்கும் லாபம்தான். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5% இருந்தால் போதும், பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்திவிடலாம்.

சிக்கல், அங்கே காசு பெறாத ஒன்றில் இருக்கிறது. அதுதான் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ்.

ஒரே வெட்டு, 130 கிலோ!

கம்ப்ரசரைக் கழற்ற, அதோடு இணைந்த காப்பர் பைப்பை வெட்டுவார்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே மிச்சம் இருந்த கேஸ் காற்றில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பல பழைய ஃபிரிட்ஜ்களில் இருப்பது 'ஆர்-134ஏ'. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், இது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 1,300 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வெறும் 100 கிராம் வெளியேறினாலே 130 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுமார் 55 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் அளவு இது.

அதற்கும் முந்தைய 'ஆர்-12' இன்னும் மோசம். பாதிப்பு 10,000 மடங்குக்கும் மேல். கூடவே ஓசோன் படலத்தையும் அரிக்கும். 1987-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால்தான் இது படிப்படியாக நிறுத்தப்பட்டது.

இப்போதைய மாடல்கள் பலவற்றில் 'ஆர்-600ஏ' வருகிறது. இதனால் புவி வெப்பமாதல் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால், பைப்பை வெட்டுபவருக்கு ஆபத்து.

சுவருக்குள்ளும் கேஸ் இருக்கா?

இருக்கிறது. ஃபிரிட்ஜின் சுவருக்குள் மஞ்சளாக இருக்குமே ஃபோம், அதை உப்பவைக்கவும் கேஸ்தான் பயன்படுகிறது. மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில், பைப்பில் இருப்பதைவிட ஃபோமில்தான் பாதிப்பு தரும் கேஸ் அதிகம். ஃபோமை உடைத்தாலும் குப்பையில் வீசினாலும் அது மெல்ல மெல்ல வெளியேறும்.

முறையான மறுசுழற்சி எப்படி நடக்கும்?

முதலில் கேஸையும் கம்ப்ரசர் ஆயிலையும் மெஷின் மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். எல்லா வசதியும் உள்ள ஆலைகளில், மூடிய அறைக்குள் பாடியை நொறுக்கி, ஃபோமில் உள்ள கேஸையும் பிடித்துவிடுவார்கள். பிறகு இரும்பு, மற்ற உலோகங்கள், பிளாஸ்டிக் தனித்தனியாகப் பிரிக்கப்படும். சேகரித்த கேஸைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தலாம். அல்லது அதிக வெப்பத்தில் அழித்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஃபிரிட்ஜும் மின்னணுக் கழிவுதான். அதன் மறுசுழற்சிக்குத் தயாரிப்பு நிறுவனமே பொறுப்பு. 2023-24-ல் 60% என்று தொடங்கிய இலக்கு, 2027-28-ல் 80% ஆக உயரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஃபிரிட்ஜின் பின்பக்கம் அல்லது உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன கேஸ் என்று பாருங்கள்.
* பைப், கம்ப்ரசர் எதையும் கழற்றாமல் முழுசாகக் கொடுங்கள்.
* பிராண்டின் கஸ்டமர் கேரை அழைத்து, பழையதைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.
* இல்லையென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்தை அணுகி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

எடைக்குப் போட்டால் வரும் பணம் இங்கே கிடைக்காமலும் போகலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் அது கடைசியில் எங்கே போகிறது என்று விசாரிப்பது நல்லது. அதற்கு ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இதுல இருக்குற கேஸை என்ன பண்ணுவீங்க?"