வேலூர் வார்டுக்கு முன்னே போன நாய்கள்

நகரி, புத்தூர் பக்கம் யாருக்காவது 'பிளட் கேன்சர்' என்று தெரிந்தால் திருப்பதிக்கு ஓடுவார்கள், இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி.க்கு. அங்கே 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ஏதோ பெரிய ஆபரேஷன் என்று பயந்து வரும் குடும்பம், கொடையாளரின் மஜ்ஜை ரத்தம் போலவே பையில் தொங்கி, ரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து, 'இவ்வளவுதானா?' என்று கேட்கும்.

அந்த 'இவ்வளவுதான்' நாய்களின் உயிரைக் கொடுத்துக் கற்றது.

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் டாக்டர் டொனால் தாமஸ் 1957இல் தம் முதல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை ஏற்றியிருந்தார், ஒருவரும் பிழைக்கவில்லை. இத்தனைக்கும் சுண்டெலிகளிடம் இதே வித்தை பலித்திருந்தது. ஆய்வக எலிகள் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே இனம் பெருக்கப்பட்டவை. எல்லாம் ஒரே கருவில் உருவான இரட்டையர் மாதிரி. மனிதர்கள் அப்படியா?

தாமஸ் நாய்களிடம் திரும்பினார். நாய்கள் நம்மைப் போலவே ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 2 மில்லி. நாயிடம் மாதக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், ஆண்டுக்கணக்கில் கவனிக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும் ஒன்று பிழைத்தது, இன்னொன்று செத்தது. வெள்ளணுக்களின் வகையைப் பொருத்திப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது: பொருந்திய உடன்பிறப்பின் மஜ்ஜைதான் நிலைத்தது. பொருந்தினாலும் ஆபத்து முழுதாக விலகவில்லை. வந்து குடியேறிய மஜ்ஜையே குடியிருக்கும் உடம்பைத் தாக்கும். அதை அடக்க, சியாட்டிலில் தாமஸுடன் வேலை செய்த ரெய்னர் ஸ்டோர்ப் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நாய்களுக்குப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்.

இந்த மருந்தின் வேர் நம் பக்கத்தில்தான். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது தணித்துக் காட்டியது 1948இல். சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டில். மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் தம்பி. மஜ்ஜை ஏற்றிய 1, 3, 6, 11ஆம் நாள்களில் அதைக் கொடுப்பது இன்றும் உலகெங்கும் பழக்கத்தில் உள்ள முறை.

கடும் கதிர்வீச்சைத் தாங்காத முதியவர்களுக்கான மென்மையான மாற்று முறையும் 1990களில் நாய்களிடமே முதலில் சோதிக்கப்பட்டது. தாமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது. நாய்கள் வலியோடு செத்தன என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இன்று நாய் போன்ற பெரிய விலங்குகளிடம் ஆய்வு செய்ய மத்திய அரசின் குழு அனுமதி தர வேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு மட்டும் போதாது. அது தேவையான கெடுபிடிதான்.

கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். வீட்டில் பொருத்தம் கிடைக்காதவர்கள் வெளியிலும் தேடலாம். சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' பதிவகத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் கொடையாளராகப் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். வயது இருந்தால் நீங்களும் பதிந்து வையுங்கள்.