நேரலை எங்கே இடறுகிறது?

ஒரு கட்டடத்தின் உள் வலையமைப்பில், அதாவது இணையத்தை நாடாமல் கேபிளாலும் வைஃபையாலும் தம்முள் இணைந்த கணினிகளுக்கிடையே, நேரலைக் காணொளி விட்டுவிட்டு ஓடும்போது வேகம் போதவில்லை என்றே பலரும் முடிவு செய்கின்றனர். ஆனால் ஒரே தரவு எத்தனை முறை, எந்த வழியாகச் செல்கிறது என்பதில்தான் பெரும்பாலும் குறை இருக்கிறது. 1920×1080 புள்ளிகள் கொண்ட படத்தை, புள்ளிக்கு 24 பிட் வீதம், வினாடிக்கு 30 சட்டங்களாகச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 149 கோடி பிட் வேண்டும். 2003இல் வெளிவந்த எச்.264 போன்ற சுருக்க முறைகள் அதை 60 லட்சம் பிட் அளவுக்குக் குறைத்துவிடுவதால், வினாடிக்கு 10 கோடி பிட் தாங்கும் பழைய இணைப்புக்குக்கூட ஒரு நேரலை சுமையாவதில்லை. 40 பேர் பார்க்கத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் தனிப்படி அனுப்ப நேரும்போதுதான் தேவை 24 கோடியாகி, அனுப்பும் கணினியிலிருந்து புறப்படும் ஒற்றைக் கேபிளில் நெரிசல் உண்டாகிறது.

நூறு கோடி பிட் தாங்கும் கிகாபிட் இணைப்பு இதைத் தீர்க்கும். எனினும் அதற்குக் கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும்; ஒன்று அறுந்தால், இணைப்பு முற்றிலும் நின்றுவிடாமல், நான்கு கம்பிகளில் இயங்கும் பழைய வேகத்துக்கு ஓசையின்றி இறங்கிவிடுவதும் உண்டு. ஆகையால் புதுக் கருவி வாங்குமுன் இணைப்பு உண்மையில் எந்த வேகத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே முறை.

படிகளின் எண்ணிக்கையையே ஒழிக்கும் வழியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் டீரிங் 1989இல் வரையறுத்தார். மல்டிகாஸ்ட் எனப்படும் அம்முறையில் அனுப்புநர் ஒரே படியை ஒரு குழு முகவரிக்கு அனுப்ப, கேபிள்கள் கூடும் ஸ்விட்ச் என்னும் கருவி, கேட்டவர்களின் பக்கம் மட்டும் அதைப் பெருக்கித் தருகிறது. யார் கேட்டார் என்பதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு அறிவதற்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று பெயர். அந்த வசதி இல்லாவிட்டால், பார்க்க விரும்பாத கணினிகள், அச்சுப்பொறிகள் உட்பட எல்லாத் திசையிலும் காணொளி பாய்கிறது. வசதி இருந்தும், ‘இன்னும் பார்க்கிறீர்களா’ என்று 125 வினாடிக்கு ஒருமுறை வினவும் குவெரியர் என்னும் பணியை எந்தக் கருவியும் ஏற்காவிட்டால், பல ஸ்விட்சுகள் 260 வினாடி கடந்ததும் பார்வையாளர் போய்விட்டதாகக் கருதி நேரலையைத் துண்டித்துவிடுகின்றன. நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் குறையின்றி ஓடிவிட்டு நின்றுபோகும் நேரலைக்கு முதலில் ஐயுற வேண்டிய காரணம் இதுவே. வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது.

சராசரியை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழைக்கும் இடமளிக்கிறது. சுருக்கிய காணொளியில் பெரும்பாலான சட்டங்கள் முந்தையதிலிருந்து மாறியவற்றை மட்டுமே சுமக்க, இடையிடையே வரும் முழுச்சட்டம் பலமடங்கு பெரிதாக இருக்கும். 200 கிலோபைட் அளவுள்ள ஒரு முழுச்சட்டம் கிகாபிட் வழியில் 1.6 மில்லிவினாடியில் வந்து, வெளியேறும் வழி அதில் பத்தில் ஒரு பங்கு வேகமே உடையதானால், 16 மில்லிவினாடிவரை ஸ்விட்சின் சிறு நினைவகத்தில் காத்திருக்கும். அங்கு இடம் தீர்ந்தால் தரவுப் பொட்டலங்கள் கைவிடப்பட, அடுத்த முழுச்சட்டம் வரும்வரை படம் சிதைந்தே தெரியும். அனுப்பும் மென்பொருள் பொட்டலங்களைச் சீரான இடைவெளியில் விடுமாறு அமைப்பதே இதற்குத் தக்க மருந்து.

வைஃபையில் இந்த நியாயங்கள் தலைகீழாகின்றன. காற்றில் செல்லும் மல்டிகாஸ்டுக்குப் பெற்றுக்கொண்டோம் என்ற பதில் கிடையாது என்பதால், தொலைவிலுள்ள கருவிக்கும் எட்டும்படி அது மிகக் குறைந்த வேகத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பாலும் வினாடிக்கு 60 லட்சம் பிட் வீதம், அனுப்பப்படுகிறது. அந்த ஒரு நேரலையே காற்றின் நேரம் முழுவதையும் விழுங்கிவிடும். எனவே, கேபிளில் தவிர்த்த தனிப்படிகளையே இங்கு விரும்பி ஏற்று, மல்டிகாஸ்டை அவ்வாறு மாற்றித் தரும் வைஃபை கருவிகளைப் பயன்படுத்துவது நலம். ஆனால் மெதுவான ஒரு கருவி தன் பொட்டலத்துக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டு மற்றெல்லாரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதைக் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003இலேயே காட்டினர். கேமராவும் அதே வைஃபையில் இருக்குமாயின் ஒவ்வொரு பொட்டலமும் காற்றை ஒருமுறை ஏறவும் மறுமுறை இறங்கவும் கடக்க நேர்வதால், கேமராவைக் கேபிளுக்கு மாற்றிய உடனேயே ஏறுவதற்குச் செலவான நேரம் பார்வையாளருக்கு மீள்கிறது.