வேருக்குள் வெடியுப்பு

சாத்தூர் கரிசலில் வரப்போரம் தரையோடு படர்ந்து, இளஞ்சிவப்பில் பொடிப்பூ பூக்கும் மூக்கிரட்டையை வெறும் களை என்று ஒதுக்கிவிட முடியாது. கை கால் வீக்கத்துக்குச் சித்த மருத்துவம் நம்புவது இதன் தடித்த ஆணிவேரை. கடற்பாசிப் பொருளான காரஜீனனை எலியின் பாதத்தில் ஏற்றி வீங்கவைத்த சோதனைகளிலும் வேர்ச்சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. வேரிலுள்ள போயராவினோன் சேர்மங்கள், அழற்சிக்குத் துணைபோகும் காக்ஸ் நொதிகளை ஆய்வகத்தில் மட்டுப்படுத்துகின்றன.

தலைமுறை தலைமுறையாக உண்ட வேருக்குச் சோதனை எதற்கு என்பார்கள். வீக்கம் வடிந்ததை அனுபவம் சரியாகவே கண்டது. யாருக்கு எவ்வளவு என்பதை அது அளந்து வைக்கவில்லை. இந்த வேரில் பொட்டாசியம் நைட்ரேட்டும் உண்டு. பட்டாசுக் கருமருந்தில் சேரும் அதே வெடியுப்பு! சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம். வீக்கத்துக்கு இந்த வேரைக் கஷாயம் வைக்குமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் ரத்தப் பொட்டாசியத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.