703-க்கு 73 ஏன்? தூய கணித ஆய்வுரைகளில் நடப்பது என்ன? ஒரு விளக்கம்

பாலக்காடு: கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில், கஞ்சிக்கோடு அருகே அமைந்துள்ளது பாலக்காடு ஐஐடி. 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கல்வி நிறுவனத்தால், பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு உயர்கணித ஆய்வு சொந்த மாநிலத்திலேயே எட்டும் தொலைவுக்கு வந்துள்ளது. இத்தகைய நிறுவனங்களின் கணிதத் துறைகளில் அவ்வப்போது ஆய்வுரைகள் நடைபெறுகின்றன. அவற்றின் தலைப்புகளே பலருக்குப் புரிவதில்லை. அந்த அரங்குகளில் நடப்பதுதான் என்ன?

வகுப்பும் ஆய்வுரையும்

வகுப்பறையில் ஆசிரியர் கற்பிப்பது ஏற்கெனவே முடிவான கணிதம். ஆய்வுரையில் பேசப்படுவது முடிவாகிக்கொண்டிருக்கும் கணிதம். பேச்சாளர் பொதுவாக ஒரு மணி நேரம் பேசுவார். வினா எது, அதில் முன்னோர் கண்டறிந்தவை யாவை என்று முதலில் கூறுவார். பின்னர் தமது தேற்றத்தையும் அதன் நிரூபணத்தின் முக்கியப் படிகளையும் கரும்பலகையில் எழுதுவார். ஒரு படி சரியாக அமையவில்லை எனத் தோன்றினால், கேட்பவர் இடைமறித்து வினவலாம். தூய கணிதத்தில் ஆய்வகச் சோதனை கிடையாது. துறை அறிந்தோர் படிப்படியாகச் சோதித்து ஏற்பதே ஒரு நிரூபணத்துக்கான உரைகல்.

வாரிங் எழுப்பிய வினா

தமிழகத்தைச் சேர்ந்த ஒருவர் பெரும்பங்கு ஆற்றிய வினா ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 4 வர்க்க எண்களின் கூட்டலாக எழுத முடியும் என்று 1770-இல் லாக்ராஞ்சு நிரூபித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங், கன எண்கள் எனில் 9 போதும், நான்காம் அடுக்கு எண்கள் எனில் 19 போதும் என்று நிரூபணமின்றிக் கூறினார். அப்படியானால் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்ற வினா எழுந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வரம்பு உண்டு என 1909-இல் டேவிட் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த வரம்பு எது என்பதை அவர் கூறவில்லை.

ஆறாம் அடுக்கைப் பார்க்கலாம். 1-இன் ஆறாம் அடுக்கு 1, 2-க்கு 64, 3-க்கு 729. இப்போது 703 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், 729 அதைவிடப் பெரியது என்பதால் பயன்படாது. எஞ்சியிருப்பவை 64-உம் 1-உம் மட்டுமே. பத்து 64-கள் சேர்ந்தால் 640. மீதமுள்ள 63-ஐ ஒன்றுகளால்தான் நிரப்ப வேண்டும். ஆக 10-உம் 63-உம் சேர்ந்து 73. இதற்குக் குறைவாக 703-ஐ எழுத இயலாது.

இதுவரை பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம். எண்கள் முடிவற்றவை. அவற்றில் ஒன்றுக்குக்கூட 73-க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதே கடினமான பகுதி. 1940-இல் அதை நிறுவியவர் எஸ்.எஸ்.பிள்ளை.

குற்றாலத்திலிருந்து ஹார்வர்ட் நோக்கி

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலம் அருகேயுள்ள வல்லத்தில் பிறந்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்தார். 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். வாரிங் வினாவில் அவரது முக்கிய ஆய்வுகள் அங்குதான் நிகழ்ந்தன. ஏழும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளும் குறித்து, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட பொதுச் சூத்திரத்தை அவர் 1930-களில் நிறுவினார். அமெரிக்கக் கணிதவியலாளர் டிக்சனும் அதே காலத்தில் தனியே அம்முடிவை எட்டினார். பின்னர் பிள்ளை திருவிதாங்கூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் பணிபுரிந்தார்.

1950-இல் அவருக்கு பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அழைப்பு விடுத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித மாநாட்டிலும் அவர் பங்கேற்க இருந்தார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அவர் பயணம் செய்த விமானம் கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.

முடிவடையாத உரை

பேச்சாளர் மறைந்தாலும் வினா நின்றுவிடவில்லை. ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று 1964-இல் சீனாவின் சென் சிங்ருன் நிறுவினார். வாரிங் கூறிய 19 சரியே என்று 1986-இல் நிரூபித்த மூவரில் ஒருவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர்.பாலசுப்ரமணியன். மற்ற இருவர் பிரான்ஸ் நாட்டவர்.

பிள்ளையின் பொதுச் சூத்திரத்துக்கான நிபந்தனையை மீறும் அடுக்கு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. எனினும், அத்தகைய அடுக்கே இல்லை என்பதும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஆய்வுரையைக் கேட்கச் செல்லும் மாணவர், அதன் எல்லாப் படிகளும் விளங்கவில்லையே என வருந்தத் தேவையில்லை. வேறு பிரிவில் ஆராயும் பேராசிரியர்களுக்கும் பாதியில் இழை அறுந்துபோவது வழக்கமே. வினா எது, அதில் எதுவரை விடை தெரியும், எங்கே தெரியவில்லை என்ற மூன்றையும் அறிந்து திரும்பினாலே அந்த ஒரு மணி நேரம் பயனுடையதாகும்.